இரண்டாம் வகுப்பு வார்டு

மலேசியாவில் தன் உடம்பிலிருந்து ஒன்றைக் கொடுப்பவருக்கு அரசாங்கம் பதிலுக்கு ஒன்று தருகிறது. ரத்தம் கொடுப்பவர்களைச் சொல்கிறேன். 12 மாதத்துக்குள் ஒரு தடவை கொடுத்திருந்தால் போதும், அடுத்த 4 மாதத்துக்கு அரசு மருத்துவமனைகளில் வெளிநோயாளி சிகிச்சை இலவசம். படுக்க நேர்ந்தால் இரண்டாம் வகுப்பு வார்டு. எக்ஸ்ரேயும் அறுவைக் கட்டணமும் இதில் சேராது. கொடுத்த தடவைகள் கூடக் கூடச் சலுகைக் காலம் நீளும். விடாமல் கொடுத்து வருகிறவர்கள் முதல் வகுப்பு வரைக்கும் ஏறலாம். ஈப்போவில் கோயில் மண்டபங்களிலும் பேரங்காடிகளிலும் ரத்ததான முகாம் நடக்கும்போது, கொடுத்துவிட்டு எழுந்து மைலோ குடிக்கிறவர்களிடம் ஏன் கொடுத்தீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். யாரும் வார்டைச் சொல்ல மாட்டார்கள். புண்ணியம் என்பார்கள், இல்லையென்றால் சும்மா சிரிப்பார்கள். ஆனால் ரத்தம் கொடுத்ததைப் பதிகிற அந்தச் சிறு புத்தகத்தை வீட்டில் பிறப்புப் பத்திரத்தோடு சேர்த்து வைத்திருப்பார்கள்.

மூன்றாம் வகுப்பு வார்டில் குடிமக்களுக்கு ஒரு நாள் கட்டணம் 3 வெள்ளிதான். ஆகவே சலுகையின் பெறுமதி பணத்தில் இல்லை. நெருக்கிப் போட்ட கட்டில்களுக்கு நடுவே, பக்கத்துக் கட்டில்காரரின் இருமலையும் அவரைப் பார்க்க வந்த கூட்டத்தையும் தாங்கிக்கொண்டு கிடக்க வேண்டியதில்லை என்பதில் இருக்கிறது. தனியார் மருத்துவமனையில் தனியறை எடுக்கக்கூடியவருக்கு இது ஒரு பொருட்டே அல்ல. பெரியாஸ்பத்திரியைத் தவிர வேறு போக்கிடம் இல்லாதவருக்குத்தான் இரண்டாம் வகுப்பின் அருமை தெரியும். ஊக்கம் என்று எதை நீட்டினாலும் அது வேலை செய்ய வேண்டுமானால் வாங்குகிறவரிடம் முன்பே ஒரு குறை இருந்தாக வேண்டும். பிரிட்டனின் ரிச்சர்ட் டிட்மஸ் 1970இல் எழுதிய புத்தகத்தில் ரத்தத்தை விலைக்கு வாங்கும் அமெரிக்க முறையையும் விலையில்லாமல் பெறும் பிரிட்டிஷ் முறையையும் ஒப்பிட்டு, விலை நுழைந்த இடத்தில் கொடுக்கும் மனம் சுருங்கும், ரத்தத்தின் தரமும் கெடும் என்று வாதாடினார். நம்முடைய வார்டுச் சலுகையை அவர் விலை என்பாரா, நன்றி என்பாரா? எனக்கு அந்தக் கேள்வியில் அவ்வளவு அக்கறையில்லை. எந்தக் குறையின் மேல் அந்தச் சலுகை நிற்கிறது என்பதில்தான் அக்கறை. ரத்த விஷயத்தில் குறை சிறியது, கொடுத்ததும் சில வாரங்களில் ஊறிவிடும். சிறுநீரகம் என்று வரும்போது தராசின் இரண்டு தட்டும் கனக்கின்றன.

பேராக்கில் சிறுநீரகம் பழுதான ஒருவரையாவது அறியாத தமிழ்க் குடும்பம் அரிது. 2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி நாட்டில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர். இந்தியர்களில் மட்டும் பார்த்தால் 31.4 விழுக்காடு. புதிதாக டயாலிசிஸுக்கு வருகிறவர்களில் பாதிக்கு மேற்பட்டோரை அங்கே கொண்டுவந்து சேர்ப்பது இந்த இனிப்புநீர்தான். நாடு முழுக்க டயாலிசிஸில் இருப்பவர்கள் 50,000ஐத் தாண்டிவிட்டார்கள். வாரத்துக்கு 3 நாள், நாளுக்கு 4 மணி நேரம், ஊசி குத்திக் குத்திப் புடைத்த கை, நாக்கை நனைக்கிற அளவுக்கு மட்டும் தண்ணீர். சந்தா கட்டியவருக்குத் தொழிலாளர் காப்புறுதி அமைப்பான சொக்சோ செலவைப் பார்க்கும், அரசு ஊழியருக்கு அரசு பார்க்கும், மற்றவர்களுக்கு ஏதாவது ஓர் அறநிறுவனம், கோயில், அல்லது தமிழ்ப் பத்திரிகையில் படத்தோடு ஒரு வேண்டுகோள். மாற்றுச் சிறுநீரகத்துக்குக் காத்திருப்போர் ஏறக்குறைய 10,000 பேர். இறந்த பின் உறுப்புகளைத் தருவதாகப் பதிந்திருப்பவர்கள் மக்கள்தொகையில் 1 விழுக்காடு அளவு. உண்மையில் இறந்து கொடுப்பவர்கள் ஆண்டுக்குப் பத்து லட்சம் பேருக்கு ஒருவர்கூட இல்லை. ஸ்பெயினில் அது 40ஐத் தாண்டுகிறது. கோலாலம்பூரில் முதல் சிறுநீரக மாற்று நடந்தது 1975இல். அரை நூற்றாண்டில் நாம் வந்து சேர்ந்த இடம் இது.

இதைக் கேட்ட எவருக்கும் ஒரு யோசனை வரும்: காசு கொடுத்தால் என்ன? புந்தோங் ஒட்டுக்கடை ஒன்றில் இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, சுங்கை சிப்புட் பக்கத் தோட்டமொன்றில் முப்பது வருஷம் பால் வெட்டியவர் குறுக்கே புகுந்தார். “ஏன் தம்பி, நான் முதுகை வித்தேன், கண்ணை வித்தேன், முழங்காலை வித்தேன். தொரை வாங்கிக்கிட்டான். அப்ப யாரும் பாவம்னு சொல்லல. கிட்னிய வித்தா மட்டும் பாவமா?” மேல்நாட்டுத் தத்துவ ஆசிரியர்கள் பக்கம் பக்கமாக எழுதிய வாதத்தை அவர் ஒரு தே தாரேக் ஆறுவதற்குள் சொல்லி முடித்துவிட்டார். கூலி வேலை என்பதே உடம்பைத் தவணையில் விற்பதுதான் என்றால், ஒரே தவணையில் விற்பதைத் தடுக்க நமக்கு என்ன உரிமை?

கேள்வி தோட்டத்திலிருந்து வந்தது. பதிலையும் அங்கேயே தேடுவதுதான் நியாயம்.

பேராக்கின் தோட்டங்களுக்கு ஆள் வந்து சேர்ந்த கதையே ஒருவகையில் ஊக்கத்தொகையின் கதைதான். கங்காணி தன் சொந்த ஊருக்குப் போய்ச் சொந்தக்காரர்களிடமும் பங்காளிகளிடமும் பேசி ஆள் திரட்டினார். தலைக்கு இவ்வளவு என்று அவருக்குத் தரகு. திரட்டி வந்தவர்கள் காலையில் ஆள் எண்ணும் பெரட்டுக்கு நிற்கிற ஒவ்வொரு நாளும் தலைக்காசு என்று சில காசு தனியாக. வருகிறவருக்கு முன்பணம்: ஊர்க் கடனை அடைக்க, மாற்றுத் துணி எடுக்க, துறைமுகம் வரை போய்ச் சேர. பெரும்பாலானவர்களை யாரும் கயிறு கட்டி இழுத்து வரவில்லை, சம்மதித்துத்தான் கப்பல் ஏறினார்கள். 1907இல் தமிழர் குடியேற்ற நிதி என்று ஒன்றை ஏற்படுத்தி, தோட்ட முதலாளிகளிடம் வசூலித்த பணத்தில் கப்பல் கட்டணத்தைக் கட்டினார்கள். வந்து இறங்குகிறவர் பயணக் கடனோடு இறங்க வேண்டாம் என்பது ஏற்பாடு. 1910இல் ஒப்பந்தக் கூலி முறையும் நின்றது. காகிதத்தில் பார்த்தால் ஒவ்வொன்றாகச் சீராகிக்கொண்டே வந்திருக்கிறது. ஆனால் கங்காணியின் பேச்சு எடுபட்டது மழை பொய்த்த ஊர்களில், நிலமில்லாத தெருக்களில். பத்து ஏக்கர் நஞ்சை வைத்திருந்தவர் எவரும் முன்பணம் வாங்கவில்லை. 1938இல் இந்திய அரசாங்கம் இந்தக் கூலிப் பயணத்தைத் தடுத்து நிறுத்தும்வரை அந்தச் சம்மதம் கப்பல் கப்பலாக வந்து இறங்கிக்கொண்டிருந்தது.

அந்தக் கப்பல்களில் வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் காலத்தில் பயணம் எதிர்த்திசையில் நடந்தது. 1980களிலும் 90களின் தொடக்கத்திலும் மலேசிய நோயாளிகள் இந்தியாவுக்குப் பறந்து, விலைக்கு வாங்கிய சிறுநீரகத்தோடு திரும்பினார்கள். அவர்களில் எல்லா இனத்தவரும் உண்டு, வசதி இருந்தவர்கள் என்பதே பொது அடையாளம். ராஜுலா கப்பலில் பினாங்கு வந்து இறங்கியவரின் வாரிசு வெள்ளியோடு போய், தாத்தா கிளம்பிய அதே வறண்ட மண்ணில் மிச்சமிருந்தவரின் உடம்பிலிருந்து ஒன்றை வாங்கி வருவது நடக்கக்கூடிய காரியமாக இருந்தது. இந்தியாவில் சட்டம் வந்ததும் வழி சீனாவுக்குத் திரும்பியது. அங்கே மரண தண்டனைக் கைதிகளின் உறுப்புகள்; 2015 தொடக்கத்திலிருந்து அதை நிறுத்திவிட்டதாகச் சீனா அறிவித்தது. மலேசிய சுகாதார அமைச்சு 2012 தொடக்கத்திலிருந்து ஒரு முடிவை நடைமுறைப்படுத்தியது: வெளிநாட்டில் உறுப்பை விலைக்கு வாங்கி வருகிறவர்களுக்கு, உடம்பு அந்த உறுப்பை ஒதுக்காமலிருக்க வாழ்நாள் முழுக்கத் தேவைப்படும் மருந்தை இனி அரசு தராது. ஊக்கத்தின் மறுபக்கம் இது, தண்டனை. கொள்கையாக இதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் பணக்காரர் அந்த மருந்தைத் தன் காசில் வாங்கிக்கொள்வார். வீட்டை விற்றுப் போய் வந்தவரைத்தான் அது உண்மையில் தண்டிக்கும்.

சென்னையில் நடந்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வில்லிவாக்கத்துக்குக் ‘கிட்னிவாக்கம்’ என்று பட்டப்பெயர் விழுந்த காலம். அது ஒளித்து மறைத்து நடந்த வியாபாரமும் அல்ல. டாக்டர் கே.சி. ரெட்டி வெளிப்படையாகவே வாதாடினார்: கொடுப்பவருக்கு நியாயமான வெகுமதியும் சரியான கவனிப்பும் கிடைத்தால் அதில் தவறில்லை, ஒரு பக்கம் ஓர் உயிர் பிழைக்கிறது, இன்னொரு பக்கம் ஒரு குடும்பம் பிழைக்கிறது. சிறுநீரக மருத்துவர் எம்.கே. மணி அதே நகரத்திலிருந்து அதை உறுதியாக எதிர்த்தார். இரண்டு பேரும் நோயாளிகளை அன்றாடம் பார்த்தவர்கள். ரெட்டியின் அந்த வாதத்தைக் கேலியாகப் பார்க்க எனக்கு மனம் வராது.

பிழைத்ததா அந்தக் குடும்பம் என்பதை மாதவ் கோயல் குழுவினர் போய்ப் பார்த்தார்கள். சென்னையில் சிறுநீரகம் விற்ற 305 பேரிடம் பேசி, 2002இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் எழுதினார்கள். 96 விழுக்காட்டினர் விற்றது கடனை அடைக்க. கைக்கு வந்தது சராசரியாக 1,070 டாலர். அறுவைக்குப் பிறகு குடும்ப வருமானம் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. நான்கில் மூன்று பேர் அப்போதும் கடனில்தான் இருந்தார்கள். 86 விழுக்காட்டினர் உடம்பு முன்போல் இல்லை என்றார்கள். மற்றவரும் இப்படி விற்கலாமா என்று கேட்டதற்கு 79 விழுக்காட்டினர் வேண்டாம் என்றார்கள். விற்றவர்களில் பெரும்பாலோர் பெண்கள். புருஷன் உடம்பால் வேலை செய்கிறவர், அவர் உடம்பைக் கெடுத்துக்கொள்ள முடியாது என்ற கணக்கு. அந்தப் பெண்கள் எந்த உடம்பால் வீட்டு வேலையும் வெளி வேலையும் பார்த்தார்களோ!

இந்தப் புள்ளிவிவரத்துக்குச் சந்தைக்காரர்களிடம் பதில் உண்டு. தரகர் தின்றுவிட்டார், தொகை போதவில்லை, பின்னர் யாரும் கவனிக்கவில்லை. அரசாங்கமே நடத்தினால் இதெல்லாம் சரியாகும் என்பார்கள். ஈரான் 1988 முதல் அப்படித்தான் நடத்துகிறது, தன் குடிமக்களுக்குள் மட்டும். அங்கும் விற்க வருகிறவர் ஏழைதான். ஆனாலும் தொகை என்பது கூட்டிக்கொடுத்தால் தீர்ந்துவிடும் பிரச்சினை என்ற வாதம் முழுசாகத் தோற்றுவிடவில்லை.

அதைத் தோற்கடிப்பது வேறு ஒரு கவனிப்பு. லாரன்ஸ் கோஹன் என்ற மானிடவியலாளர் சென்னைக் குடிசைப் பகுதிகளில் இந்த விற்பனையைப் பற்றி 1999இல் ஒரு கட்டுரை எழுதினார். விற்றவர்களைவிட, அவர்களுக்குக் கடன் கொடுத்தவர்களைப் பற்றி அவர் சொன்னதுதான் எனக்கு முக்கியம். சிறுநீரகம் விற்கலாம் என்று ஆகிவிட்ட பகுதிகளில் வட்டிக்காரர்களின் கணக்கும் மாறிவிடுகிறது. கடன்காரரிடம் விற்க ஒன்று இருக்கிறது என்று தெரிந்ததும் முன்னைவிட இறுக்கமாக நெருக்குகிறார்கள். அதாவது பக்கத்து வீட்டுக்காரர் விற்றதால், விற்கவே நினைக்காத இன்னொருவரின் கழுத்திலும் கயிறு இறுகுகிறது.

பேராக்கில் இதைப் புரியவைக்க அதிகம் பேச வேண்டியதில்லை. ஆலோங் எனும் கள்ள வட்டிக்காரனிடம் கடன் வாங்கியவர்களின் ஏடிஎம் கார்டு யார் கையில் இருக்கும் என்று நமக்குத் தெரியும். சம்பளம் விழுகிற நாளன்று அவனே போய் எடுத்துக்கொள்வான். வீட்டு வாசலில் சிவப்புச் சாயம் அடித்துவிட்டுப் போவான். அவனிடம் நாளைக்கு, உன் உடம்பில் அரசாங்கமே விலை குறித்த ஒரு பண்டம் இருக்கிறது என்று சொல்லிப் பாருங்கள். ஒட்டுக்கடைப் பெரியவருக்கு என் பதில் இதுதான். அவர் முதுகை விற்றார், உண்மை. ஆனால் பிடிக்காவிட்டால் அடுத்த மாதம் வேறு தோட்டத்துக்கு ஓடிப்போகவும், சங்கம் சேரவும், வேலைநிறுத்தம் செய்யவும் அவருக்குக் கொஞ்சம் இடம் இருந்தது, அந்த இடத்துக்காகப் பல பேர் அடிபட்டார்கள். விற்ற சிறுநீரகத்தை வைத்து யாரும் வேலைநிறுத்தம் செய்ய முடியாது. விற்காமலிருப்பதும் இனிமேல் இலவசமில்லை.

தடுத்தால் மட்டும் நின்றுவிடுகிறதா? இந்தியாவில் 1994இல் உறுப்பு மாற்றுச் சட்டம் வந்தது. உறவினரல்லாதவர் அன்பினாலோ பற்றினாலோ கொடுக்கலாம், ஒரு குழு விசாரித்து அனுமதிக்க வேண்டும் என்று ஒரு வாசல் வைத்தார்கள். குப்பத்திலிருந்து வருகிற பெண்ணுக்கு முன்பின் அறியாத நோயாளியின் மேல் அன்பு பொங்கிய கதைகளையெல்லாம் அந்தக் குழுக்கள் கேட்டிருக்கின்றன. 2007இல் சென்னை எர்ணாவூரில், சுனாமியில் வீடிழந்து குடியமர்த்தப்பட்ட மீனவப் பெண்கள் வரிசையாகச் சிறுநீரகம் விற்றிருந்தது வெளியே வந்தது. 2025இல் நாமக்கல் மாவட்டம் பள்ளிபாளையத்தில் விசைத்தறித் தொழிலாளர்கள், மறுபடியும் கடன், மறுபடியும் தரகர். ஊர் மாறுகிறது, தொழில் மாறுகிறது, கடன் மட்டும் மாறுவதில்லை. சட்டம் போட்டதால் கடன் குறையவில்லை, அதனால் விற்பனையும் ஒழியவில்லை. தடை வேண்டும் என்பவன் நான். ஆனால் தடையை மட்டும் வைத்துக்கொண்டு ஒழுக்கம் பேசுவது எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

புந்தோங்கில் எனக்குத் தெரிந்த இன்னொருவர் டயாலிசிஸில் இருக்கிறார். செமோர் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். செம்பனை வந்து, பிறகு வீடமைப்புத் திட்டம் வந்து, லயத்தைக் காலி செய்துகொண்டு ஈப்போவுக்கு வந்த குடும்பம். மூத்த மகளுக்கு ரத்த வகை பொருந்துகிறது, அவள் தரத் தயார். இவர் வேண்டாம் என்கிறார். “அவ இன்னும் நாப்பது வருஷம் இருக்கணும்பா. நான் எத்தனை நாளைக்கு?” மகளிடம் தனியாகக் கேட்டேன். அவள் கதை வேறு. “அப்பா சம்மதிச்சாலும் நான் எப்படிண்ணே லீவு போடறது? ரெண்டு மாசம் சம்பளம் இல்லன்னா கார் லோன் யாரு கட்டறது? சூப்பர்வைசர்கிட்ட சும்மா கேட்டுப் பாத்தேன். உனக்கு என்ன நோய்னு கேக்கறாரு. எனக்கு ஒண்ணும் இல்ல, நல்லாத்தான் இருக்கேன்னேன். அப்ப எதுக்கு மெடிக்கல் லீவுன்னாரு.”

இந்தப் பெண்ணுக்கு இரண்டு மாதச் சம்பளத்தைக் கொடுத்தால் அது சிறுநீரகத்தின் விலையா? கொடுப்பதனாலேயே உண்டாகும் பள்ளத்தை நிரப்புகிற பணம் ஒன்று. ஏற்கெனவே இருக்கும் பள்ளத்தைக் காட்டிக் கொடுக்கவைக்கிற பணம் இன்னொன்று. இரண்டும் ஒரே நோட்டில்தான் வருகின்றன, ஒரே தொகையாகக்கூட இருக்கலாம். ஆனால் முதலாவதை வாங்கிய பிறகு அவள் கொடுப்பதற்கு முன் நின்ற இடத்திலேயே நிற்கிறாள், ஒரு காசு கூட லாபமில்லை. அப்பாவின் மேல் பாசமில்லாதவளை அந்தப் பணம் அறுவை அறைக்குள் தள்ளாது. சிங்கப்பூர் 2009இல் தன் உறுப்பு மாற்றுச் சட்டத்தைத் திருத்தி, உயிரோடு கொடுப்பவருக்குச் செலவையும் இழப்பையும் ஈடுசெய்ய வழிசெய்தது. இஸ்ரேலின் 2008ஆம் ஆண்டுச் சட்டம் 40 நாள் சம்பள இழப்பை ஈடுகட்டுகிறது. எல்லை எங்கே வழுக்கும் என்பதும் தெரிந்ததுதான்: ஈடு என்ற பெயரில் தொகை ஏறிக்கொண்டே போகலாம். சம்பளச் சீட்டைக் காட்டி வாங்குவது என்று வைத்தால் கொஞ்சம் வழுக்காது. ஆனால் சம்பளச் சீட்டே இல்லாத, நாட்கூலிக்குச் செம்பனைக் குலை பொறுக்குகிற பெண்ணுக்கு என்ன செய்வது என்று உடனே அடுத்த கேள்வி வரும். வரட்டும், அது நல்ல கேள்வி.

பணமில்லாத ஊக்கங்களும் உண்டு. இஸ்ரேலில், இறந்தபின் தருவதாகப் பதிந்தவருக்கும் அவர் குடும்பத்துக்கும், தங்களுக்கு ஓர் உறுப்பு தேவைப்படும் நாளில் வரிசையில் முன்னுரிமை. சிங்கப்பூரில் 1987 சட்டப்படி, தரமாட்டேன் என்று விலகிக்கொண்டவர் வரிசையில் பின்னே போவார். நான் அறிந்த ஊக்கங்களில் இதுதான் குறைந்த அநியாயமுடையது. காரணம், இது நிற்கிற குறை எல்லாருக்கும் பொது. சிறுநீரகம் பழுதானால் தௌக்கேயும் காத்திருக்க வேண்டும், தோட்டக்காரரும் காத்திருக்க வேண்டும். ஆனால் இதையே நம் நாட்டில் கொண்டுவந்தால் யார் பின்னே தள்ளப்படுவார்கள் என்று யோசித்துப் பார்க்கிறேன். பதிவு என்றாலே தாள். 2021 முதல் மைசெஜாத்ரா செயலியிலேயே பதியலாம். அதற்கும் கைப்பேசியும் அடையாள அட்டையும் வேண்டும். தோட்டத்தில் பிறந்து, பிறப்பைப் பதியாமல் போனதால் இன்றுவரை குடியுரிமையில்லாத சிவப்பு அட்டையோடும், அதுகூட இல்லாமலும் இருக்கும் தமிழர்கள் இந்த மாநிலத்தில் இருக்கிறார்கள். பதிந்தவருக்கே முன்னுரிமை என்ற விதி, பதிவே மறுக்கப்பட்டவரின் மேல் போய் விழும். விதி கெட்டதென்று சொல்லவில்லை, அதற்கு முன் செய்ய வேண்டிய வேலை பாக்கியிருக்கிறது என்கிறேன்.

மரியாதை இன்னொரு வகை. உறுப்பு தந்து இறந்தவர்களின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையுடன் நடக்கும் என்று தமிழ்நாட்டு முதல்வர் மு.க. ஸ்டாலின் 2023 செப்டம்பர் 23 அன்று அறிவித்தார். ஆட்சியரும் அமைச்சரும் வீட்டுக்கு வந்து மாலை வைக்கிறார்கள். மொய்யும் மரியாதையும் வாழ்க்கையின் பெரும் கணக்காக இருக்கும் நம் சமூகத்தில் இது எவ்வளவு ஆழமாகத் தொடும் என்று சொல்லத் தேவையில்லை. உயிரோடு இருந்தபோது தாலுகா அலுவலகத்தில் ஒரு சான்றிதழுக்காக நாள் கணக்கில் நிற்கவைக்கப்பட்டவருக்கு, இறந்ததும் அதிகாரிகள் எழுந்து நிற்கிறார்கள் என்றால், இங்கேயும் ஒரு குறையின் மேல்தானே ஊக்கம் நிற்கிறது என்று என் மனம் முரண்டு பிடிக்கிறது. ஆனால் மரியாதையை முன்பணமாக வாங்க முடியாது, வட்டிக்காரன் அதைப் பறித்துக்கொண்டு போகவும் முடியாது. இதோடு எனக்குச் சண்டையில்லை.

சாவுச் செலவுக்குப் பணம் தருவது மட்டும் வேறு. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 1990களில் இப்படியொரு யோசனை சட்டமாகவே வந்தது. கேட்க இதமாகத்தான் இருக்கிறது. தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே நிற்கிற குடும்பத்துக்குப் பெட்டி, வண்டி, சுடுகாட்டுக் கட்டணம் என்று கையில் கணக்கு ஓடிக்கொண்டிருக்கும்; அந்த நேரத்தில் அந்தக் கணக்கை மேசையின் மறுபக்கத்திலிருந்து ஒருவர் தீர்த்துவைப்பதாகச் சொன்னால், அவர்கள் தலையாட்டுவது எதற்கு? தோட்டங்களில் மரண சகாய நிதி இருந்தது. லயத்தில் ஒரு சாவு விழுந்தால் எல்லா வீட்டிலும் ஆளுக்குச் சில வெள்ளி பிடித்துக்கொள்வார்கள். செத்தவர் நல்லவரா, எதைக் கொடுத்துவிட்டுப் போனார் என்று யாரும் கேட்டதில்லை. சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, துண்டாடப்படவிருந்த தோட்டங்களைத் தொழிலாளர்களின் மாதாந்திரச் சிறு சேமிப்பைக் கொண்டே வாங்கவைத்தபோது அவர் நம்பியதும் இப்படிப்பட்ட பழக்கத்தைத்தான். சாவுச் செலவுக்குத் திண்டாடுகிற குடும்பத்துக்கு உதவ வேண்டுமென்றால் எல்லாக் குடும்பத்துக்கும் உதவட்டும். சிறுநீரகம் கொடுத்த வீட்டுக்கு மட்டும் என்றால் அது உதவியில்லை, தலைக்காசு.

உண்மையில் இந்த நாட்டில் உறுப்புகள் கிடைக்காமல் போவது விலை இல்லாததால் என்று நான் நம்பவில்லை. 2007 அக்டோபரில், ஓராண்டு காலம் இயந்திர இதயத்தோடு வாழ்ந்த ஜொகூரைச் சேர்ந்த 14 வயதுச் சீனச் சிறுமிக்குத் தேசிய இருதயக் கழகத்தில் இதயம் பொருத்தினார்கள். பேராக்கில் சாலை விபத்தில் சிக்கி இறந்த 15 வயது மலாய்ப் பையனின் இதயம் அது. அது சரியாக இயங்காமல் போக, ஒரு நாளுக்குள் இன்னொரு குடும்பம் தந்த இன்னோர் இதயத்தைப் பொருத்தினார்கள். அந்தப் பையனின் பெற்றோரிடம் யாரும் விலை பேசவில்லை. உறுப்பு மாற்று ஆகுமானது என்று தேசிய ஃபத்வா மன்றம் 1970லேயே சொல்லியிருந்தது. ஆனாலும் அந்த இரவில் அவர்களுக்கு ஃபத்வாவைவிட, எதிரே உட்கார்ந்து பேசியவரின் நிதானம்தான் உதவியிருக்கும் என்று நினைக்கிறேன். ஸ்பெயின் 1989இல் தேசிய உறுப்பு மாற்று அமைப்பைத் தொடங்கியபோது செய்த பெரிய காரியம், மருத்துவமனைதோறும் இதற்கென்றே பயிற்சி பெற்ற மருத்துவர்களை அமர்த்தியது. மூளைச் சாவு நேரும் கட்டிலைத் தவறவிடாமல் கவனிப்பதும் குடும்பத்தோடு பேசுவதும் அவர்கள் வேலை. நம் நாட்டில் ஒருவர் பதிந்திருந்தாலும் கடைசி வார்த்தை குடும்பத்துடையது. அப்பா பதிந்திருந்தார் என்பதே பிள்ளைகளுக்கு அன்றைக்குத்தான் தெரியவரும். எந்த மொழியில் கேட்கிறார்கள், எந்த நேரத்தில் கேட்கிறார்கள், அதுவரை அந்த வார்டில் அந்தக் குடும்பத்தை எப்படி நடத்தினார்கள் என்பதெல்லாம் சேர்ந்துதான் பதில் வருகிறது. மூன்று நாளாக எதைக் கேட்டாலும் எரிந்து விழுந்த மிஸி நான்காம் நாள் கனிவாக வந்து பேசினால் எந்தத் தமிழ் அம்மாவும் சந்தேகப்படத்தான் செய்வாள்.

அதனால்தான் இரண்டாம் வகுப்பு வார்டு எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது. வார்டில் மரியாதையாக நடத்தப்படுவது கொடுத்தவருக்கான பரிசு என்று ஓர் அரசாங்கம் சொல்லும்போது, கொடுக்காதவரை எப்படி நடத்துகிறோம் என்பதையும் சேர்த்தே அது சொல்லிவிடுகிறது. அதைக் கேட்டுப் பழகியவரிடம்தான் ஒருநாள் இரவு போய், உங்கள் மகனின் உறுப்புகளைத் தருவீர்களா என்று கேட்கப்போகிறோம்.

மலேசியாவின் மனிதத் திசுச் சட்டம் 1974இல் வந்தது. ஒரு கையில் அடங்கும் சில பிரிவுகள், அதிலும் இறந்தவரின் உடம்பைப் பற்றித்தான் பேச்சு. உயிரோடு கொடுப்பவர் அமைச்சின் கொள்கைக் குறிப்புகளில்தான் வருகிறார், சட்டத்தில் வருவதில்லை. புதிய சட்டம் எழுதப்படும் நாளில் உறுப்பு வணிகத்துக்குக் கடும் தண்டனை என்று பெரிய எழுத்தில் போடுவார்கள், போடட்டும். கூடவே சிறிய எழுத்தில் சிலவற்றையும் சேர்க்க வேண்டும்: கொடுத்தவரின் சம்பளத்தை அந்த வாரங்களுக்கு சொக்சோ கட்ட வேண்டும், சம்பளச் சீட்டு இல்லாதவருக்குக் குறைந்தபட்ச ஊதியக் கணக்கில் கட்ட வேண்டும், ஆண்டுக்கொருமுறை அவருடைய மிச்சமிருக்கும் சிறுநீரகத்தை அரசு செலவில் பார்க்க வேண்டும், அட்டை நீலமோ சிவப்போ. நோயே இல்லாமல் அறுவைக் கட்டிலில் ஏறுகிற ஒருவருக்கு எந்த வகை விடுப்பு என்பதையும் அதில் எழுதிவிட்டால், சூப்பர்வைசரும் அந்தப் பெண்ணும் அதைப் பற்றி வாதாட வேண்டியிருக்காது. அப்பா சம்மதிக்கிறாரா என்பதை அப்புறம் அவர்கள் வீட்டில் பேசிக்கொள்வார்கள்.